இறக்கிய எஞ்சின்: மாற்றுவதா, புதுப்பிப்பதா?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் 'குட்டி யானை' வண்டியாக இருக்கலாம். எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் கொண்டு செல்லும் பிக்கப் வண்டியாக இருக்கலாம். அதன் எஞ்சின் ஒரு நாள் நின்றுபோனால், உரிமையாளர் முன் எழும் கேள்வி ஒன்றுதான். எஞ்சினை இறக்கி, பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றிப் புதுப்பிப்பதா? அல்லது அதைக் கழித்துவிட்டு வேறோர் எஞ்சினை வாங்கி ஏற்றுவதா? வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை. வாங்கிய கடனுக்குத் தவணையோ நிற்பதில்லை. எனவே இது பட்டறையின் கேள்வி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் கேள்வியுமாகும்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியை இப்படிக் கேட்கவே முடியாது. எஞ்சினை மாற்றுவதும் புதுப்பிப்பதும் எதிரெதிர் வழிகள் போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாய், நுண்ணளவை. அதாவது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பிழையின்றி அளக்கும் கலை. அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

கையால் இழைத்த காலம்

தொடக்க கால எஞ்சின்களில் ஒவ்வோர் உறுப்பும் அதன் அண்டை உறுப்புக்கென்றே தனியாக இழைத்துப் பொருத்தப்பட்டது. சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கை எடுத்துக்கொள்வோம். 1839-இல் அமெரிக்கரான ஐசக் பாபிட், வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட மென்மையான உலோகக் கலவையைப் பேரிங்குக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். உருக்கிய கலவையைப் பேரிங் குழியில் ஊற்றுவார்கள். அது ஆறியபின் தண்டின் மேல் மையைத் தடவி, அதில் வைத்துச் சுழற்றுவார்கள். மை ஒட்டிய மேட்டைக் கையால் சுரண்டுவார்கள். தண்டு முழுதும் சீராகப் படியும் வரை இந்த வேலை நடக்கும். இப்படி உருவான எஞ்சினைப் புதுப்பிக்கக் கைத்திறன் மிக்க தொழிலாளி வேண்டும். நாட்கணக்கில் நேரமும் வேண்டும்.

நேரத்தின் அருமையை முதலில் உணர்ந்தவை ரயில்வே பட்டறைகள். 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பட்டறையும் தோன்றியது. நீராவி எஞ்சினில் மிகுந்த காலம் பிடிக்கும் பழுது, கொதிகலனின் பழுதாகும். அது செப்பனிடப்படும்வரை சக்கரங்களும் சட்டமும் சும்மா நிற்க வேண்டுமா? இதற்கு விடையாக, உலகின் பெரிய ரயில்வே பட்டறைகள் உபரிக் கொதிகலன்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டன. பழுதான கொதிகலன் இறங்கும்; செப்பனிட்டு வைத்த இன்னொன்று ஏறும். இறங்கியது நிதானமாகப் பழுது பார்க்கப்பட்டு, அடுத்து வரும் எஞ்சினுக்குக் காத்திருக்கும். மாற்றுவதும் புதுப்பிப்பதும் பகையல்ல என்பதை ரயில்வே அன்றே காட்டிவிட்டது.

மூன்று கார்களின் சோதனை

மோட்டார் வாகனத்தில் இது கைகூட வேண்டுமானால், ஓர் எஞ்சினின் உறுப்பு அதே வகையைச் சேர்ந்த இன்னோர் எஞ்சினிலும் அரம் படாமல் பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தும் என்பதை 1908-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனை உலகுக்குக் காட்டியது. காடிலாக் நிறுவனத்தின் மூன்று கார்கள் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் முழுவதுமாகப் பிரிக்கப்பட்டன. உறுப்புகள் ஒன்றாகக் குவித்துக் கலக்கப்பட்டன. அவற்றில் 89 உறுப்புகளை விலக்கிவிட்டு, கடை இருப்பிலிருந்து புதியவற்றைச் சேர்த்தனர். பின்பு அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களை மீண்டும் பூட்டி, ஒவ்வொன்றையும் 500 மைல் ஓட்டினர். மூன்றும் தேறின. அந்நிறுவனத்துக்குத் தெவார் கோப்பை வழங்கப்பட்டது.

இச்சாதனைக்குப் பின்னால் இருந்தது மாயமன்று, அளவுகோல். அக்காலத்தில் சுவீடனைச் சேர்ந்த யோஹான்சன் உருவாக்கிய அளவுக் கட்டைகள், தொழிற்சாலைகளுக்குப் பொதுவான ஓர் உரைகல்லைத் தந்தன. எல்லா ஊரிலும் ஒரே மில்லிமீட்டர் என்ற நிலை வந்த பிறகே, 'வேறோர் எஞ்சினை ஏற்று' என்று சொல்வதற்குப் பொருள் ஏற்பட்டது.

தேய்வதற்கென்றே செய்த உறுப்புகள்

இதே நுண்ணளவை புதுப்பிக்கும் வேலையையும் எளிதாக்கியது. 1920-களிலும் 1930-களிலும் எஃகுத் தகட்டின் மேல் பேரிங் உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவைத்த ஓட்டு பேரிங்குகள் வந்தன. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் போதும். ஊற்றவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

அத்துடன் அளவுப் படிகள் ஏற்பட்டன. சிலிண்டர் தேய்ந்தால் அதன் உட்சுவரைக் கடைந்து 0.25 மி.மீ. அல்லது 0.5 மி.மீ. பெரிதாக்குவார்கள். இதைத்தான் பட்டறையில் 'போர் போடுவது' என்கிறார்கள். அதற்கேற்ற பெரிய பிஸ்டன் கடையில் கிடைக்கும். சுழல்தண்டு தேய்ந்தால் அதைச் சாணை பிடித்து அதே போன்ற படிகளில் சிறிதாக்கி, தடித்த ஓட்டைப் போடுவார்கள். பல டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் சுவரே தனிக் குழாயாகச் செருகப்பட்டுள்ளது. இதன் பெயர் லைனர். லைனரை மாற்றினால் சிலிண்டர் மீண்டும் பிறந்த அளவுக்கு வந்துவிடும்.

ஆக, எஞ்சினை வகுத்தவர்களே 'இவ்வுறுப்பு தேயட்டும், அவ்வுறுப்பு நிலைக்கட்டும்' என்று முன்கூட்டியே பிரித்துவைத்தார்கள். ஆனால் படிகளுக்கும் ஒரு முடிவு உண்டு. கடைசிப் படிவரை கடைந்துவிட்ட சிலிண்டரையும், கடைசிப் படிவரை சாணை பிடித்த சுழல்தண்டையும் மேலும் தொட முடியாது.

வடசென்னை கற்ற பாடம்

விடுதலைக்குப் பின் இந்தத் தொழில்நுட்பம் தமிழகத்தில் வேரூன்றிய நிலம் வடசென்னையாகும். 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டியது. பின்னர் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் உடன்பாடு கண்டு காமெட் லாரிகளைப் பூட்டத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறியது. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. செம்பியத்தில் 1949-இல் அமைந்த இந்தியா பிஸ்டன்ஸ், பிஸ்டன்களை நம் நாட்டிலேயே செய்தது. 1959-இல் எண்ணூர் வார்ப்பாலை ஏற்பட்டது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது; உயவு எண்ணெய்க்கான மூலப்பொருளும் அங்கே கிடைத்தது. வார்ப்பு, பிஸ்டன், வண்டி, எண்ணெய் ஆகிய நான்கும் சில மைல் சுற்றளவுக்குள் அமைந்தன. இத்தகைய தொழில்வட்டாரம் நாட்டில் அரிது.

எஞ்சினை மாற்றும் பழக்கம் பெருகியதற்கும் செம்பியம் ஒரு காரணம். பிரிட்டனின் பெர்கின்ஸ் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட பி-6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை, 1950-களில் சிம்ப்சன் நிறுவனம் இங்கே தயாரிக்கத் தொடங்கியது. அக்கால லாரிகள் பல பெட்ரோலில் ஓடியவை. டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால், எரிபொருளின் வெப்பத்தில் பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதலான பங்கு வேலையாக மாறுகிறது. எரிபொருள் செலவு குறைகிறது. எனவே உலகின் பல நாடுகளில் தேய்ந்த பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பி-6 போன்ற டீசல் எஞ்சினை ஏற்றினர்.

ஆனால் அது 'கழற்றி மாட்டும்' வேலையன்று. டீசல் எஞ்சின் எடை மிகுந்தது. ஆகவே தாங்கிகளையும் முன் வில்லையும் வலுப்படுத்த வேண்டும். அதன் உச்ச வேகம் குறைவு; ஆகவே பின் அச்சின் பற்சக்கர விகிதம் ஒவ்வாமல் போகலாம். அதன் அதிர்வு வேறு. ஆகவே கிளட்சும் மாறவேண்டி வரலாம். வேறு வகை எஞ்சினை ஏற்றுவது, ஒரு வகையில் வண்டியையே மீண்டும் வகுப்பதாகும். இன்றும் இது மாறவில்லை.

பேருந்துப் பணிமனையின் விடை

பெரிய வாகனக் கூட்டத்தை வைத்திருப்போர் இந்தக் கேள்விக்கு நல்லதொரு விடை கண்டனர். 1972-இல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகம் போன்ற அரசுக் கழகங்கள், ரயில்வேயின் பழைய முறையையே கையாண்டன. கழகத்திடம் உள்ள பேருந்துகளைவிடச் சற்றுக் கூடுதலான எண்ணிக்கையில் எஞ்சின்கள் இருக்கும். பழுதான எஞ்சின் இறங்கியதும் கையிருப்பு எஞ்சின் ஏறும். பேருந்து விரைவில் வழித்தடத்துக்குத் திரும்பும். இறங்கிய எஞ்சின் மையப் பட்டறைக்குச் சென்று, அளந்து, கடைந்து, பூட்டிச் சோதிக்கப்பட்டுக் கையிருப்பில் சேரும்.

நமது சட்டமும் இம்முறையை ஒப்புக்கொள்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை உடையவர்கள், அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவளிக்கலாம். ஒற்றை வண்டிக்காரருக்கு இந்தச் சலுகையும் இல்லை, கையிருப்பு எஞ்சினும் இல்லை. அவர் முன் இரண்டு கதவுகள் உள்ளன. ஒன்றைத்தான் திறக்க முடியும். எதைத் திறப்பது என்பதற்கு எஞ்சினையே கேட்க வேண்டும்.

எஞ்சினுக்குள் நடப்பது

ஒரு சிறு டீசல் எஞ்சினின் பிஸ்டன் மேலும் கீழும் 84 மி.மீ. நகர்கிறது என்போம். வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால், ஒரு கிலோமீட்டருக்கு 3,000 சுழற்சிகள் ஆகின்றன. ஒரு சுழற்சியில் பிஸ்டன் 168 மி.மீ. தேய்த்து நகர்கிறது. அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் சென்றால், பிஸ்டனும் உள்ளுக்குள் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் பயணம் செய்கிறது! இரண்டு லட்சம் கி.மீ. ஓடிய வண்டியில் பிஸ்டன் நடந்த தூரம், புவியை இரண்டரை முறை சுற்றியதற்குச் சமம். அத்தனை தூரம் உரசியும் சுவர் 0.2 மி.மீ. மட்டுமே தேய்ந்திருந்தால், அது சுமார் மூன்று தலைமயிர்களின் தடிமன்தான்.

ஆனால் அந்த மூன்று மயிரிழை போதும், எஞ்சின் தளர்ந்துவிடும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 18-இல் ஒரு பங்காக அழுத்தும்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் செல்கிறது. அந்த வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ரிங்குகளின் ஓரமாகக் காற்று கசிந்தால் வெப்பம் எட்டாது. காலையில் வண்டி எழும்பாது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளும்.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலிண்டரின் மேற்பகுதியில்தான் மிகுதி. அங்கே வெப்பமும் அழுத்தமும் அதிகம். பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதால் எண்ணெய்ப் படலமும் மெலிந்துவிடுகிறது. தூசி இன்னொரு பகை. மணல் துகளான குவார்ட்சு, வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. காற்று வடிகட்டி கிழிந்தால் எஞ்சின் தன்னைத் தானே சாணை பிடித்துக்கொள்ளும். 1930-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் வேறோர் உண்மையையும் வெளிப்படுத்தின. எஞ்சின் போதிய சூடு ஏறாமல் ஓடினால், எரிந்த வாயுவிலுள்ள நீராவி சுவரில் குளிர்ந்து அமிலமாகப் படிந்து அரிக்கிறது.

துறைமுகப் பகுதி வண்டிகளுக்கு இது முக்கியமான செய்தி. வரிசையில் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடியபடியே நிற்கும் வண்டியில், கிலோமீட்டர் மானி நகர்வதில்லை, தேய்மானம் நகர்கிறது. ஆகவே 'வண்டி இத்தனை கிலோமீட்டர்தான் ஓடியது' என்ற பேச்சை மட்டும் நம்பி எஞ்சினை மதிப்பிடக் கூடாது.

சூடேறி நின்ற எஞ்சினின் நோய் வேறு. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இரு மடங்கு விரிவது. 400 மி.மீ. நீளமுள்ள அலுமினிய ஹெட், 70 டிகிரி சூடேறும்போது கீழே உள்ள இரும்பு பிளாக்கைவிட ஏறக்குறைய 0.3 மி.மீ. கூடுதலாக விரிய முயலும். தண்ணீர் வற்றிச் சூடு வரம்பு மீறினால் ஹெட் வளையும், கேஸ்கட் எரியும், சில வேளை பிளாக்கே வெடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனிச் செலவுக்கு வருவோம். பின்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஊருக்கும் வண்டிக்கும் ஏற்ப மாறும். புதுப்பிக்க 80,000 ரூபாயும் 15 நாளும் ஆகின்றன. நாள் வருமானம் 1,500 ரூபாய் எனில் இழப்பு 22,500. மொத்தம் 1,02,500 ரூபாய். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி ஏற்ற 70,000 ரூபாயும் 4 நாளும் ஆகின்றன. இழப்பு 6,000, மொத்தம் 76,000 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் மாற்றுவதே மலிவு.

ஆனால் வாங்குவது எஞ்சினை அன்று. இனி ஓடப்போகும் கிலோமீட்டர்களை. புதுப்பித்த எஞ்சின் 1,50,000 கி.மீ. உழைத்தால், கிலோமீட்டருக்குச் சுமார் 68 காசு. வாங்கிய எஞ்சின் 60,000 கி.மீ. மட்டுமே உழைத்தால் ரூபாய் 1.27. அதுவே 1,20,000 கி.மீ. உழைத்தால் 63 காசு! விடை அடியோடு மாறிவிட்டது. மாற்றியது எது? விலையன்று, வாங்கிய எஞ்சினின் உள்நிலை. அதை அறிய வழி, அளப்பது ஒன்றே.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. முதலாவது, எஞ்சின் ஏன் நின்றது? ரேடியேட்டர் அடைப்போ எண்ணெய்ப் பம்பின் கோளாறோ காரணமானால், அதைச் சரிசெய்யாமல் ஏற்றும் எந்த எஞ்சினும் அதே கதிக்கு ஆளாகும். இரண்டாவது, எஞ்சியிருப்பது என்ன? பிளாக்கில் வெடிப்பு உண்டா, சிலிண்டரும் சுழல்தண்டும் எந்தப் படியில் உள்ளன என்று பார்க்க வேண்டும். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதித் தரும்படி பட்டறைக்காரரைக் கேட்பதில் தவறில்லை. மூன்றாவது, உதிரிப்பாகம் கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும்? நான்காவது, மாற்று எஞ்சின் எங்கிருந்து வருகிறது? புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தையில் வாங்கும் எஞ்சினுக்கு, அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்கான சீட்டு வேண்டும். விலை பேசுமுன் இயக்கிக் காட்டச் சொல்லலாம். அமுக்க அழுத்தத்தைச் சிலிண்டர்தோறும் அளக்கலாம்.

பிளாக் வெடித்திருந்தாலோ, சுழல்தண்டு முறிந்து உட்புறம் சிதைந்திருந்தாலோ, மாற்றுவதே அறிவுடைமை. பிளாக்கும் தண்டும் படிக்குள் இருந்து, தேய்மானம் மட்டுமே நோயானால், புதுப்பிப்பதே பெரும்பாலும் ஆதாயம். நாட்டுக்கும் அதில் ஆதாயம் உண்டு. 100 கிலோ வார்ப்பிரும்பை உருக்கவே, வீணாகும் வெப்பத்தைச் சேர்க்காமல், சுமார் 30 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. புதுப்பித்த எஞ்சினில் பிளாக்கை மீண்டும் உருக்க வேண்டியதில்லை.

எஞ்சினை மாற்றினால் பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் மாற வேண்டும். உரிய அனுமதி பெற்று, மாற்றிய 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் காப்பீட்டுத் தொகை கேட்கும்போதும் தகுதிச் சான்று பெறும்போதும் தொல்லை வரும்.

இன்றைய புதிய சிக்கல்

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ்-6 வண்டிகளில் இக்கேள்வி இன்னும் கடினமாகிவிட்டது. 1,000 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாக டீசலைப் பீய்ச்சும் அமைப்பு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி, புகையைத் தூய்மையாக்கும் பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. பல எஞ்சின்களில் பீய்ச்சுமுனை ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த எண் உண்டு; முனையை மாற்றினால் அந்த எண்ணைக் கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டும். இரும்பு பொருந்தினால் மட்டும் போதாது, எண்ணும் பொருந்த வேண்டும் என்னும் காலம் வந்துவிட்டது. 1908-இல் மூன்று கார்களைக் கலந்து பூட்டியபோது திருகுமுடுக்கியும் சாவியும் போதுமாயிருந்தன. இன்று அதையே செய்ய, தயாரிப்பாளரின் கருவியும் தரவும் வேண்டும். அவை சிறு பட்டறைக்கும் நியாயமான விலையில் கிடைத்தால்தான், ஒற்றை வண்டிக்காரருக்கு அந்த இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். இல்லையேல் நல்ல பிளாக்கும் நல்ல தண்டும் ஓர் எண் தெரியாத குறையால் பழைய இரும்பாகப் போகும்.

மாற்றுவதும் புதுப்பிப்பதும் அளவையிலிருந்து பிறந்தவை. அவற்றுள் ஒன்றைத் தேர்வதும் அளவையைக் கொண்டே ஆகவேண்டும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஐ.டி.ஐ. படிக்கும் மாணவர்கள் கையில் பிடிக்கும் மைக்ரோமீட்டர், தேர்வுக்கான கருவி மட்டுமன்று. ஒரு வண்டிக்காரரின் சேமிப்பு தப்புமா தப்பாதா என்பதை, சில வேளைகளில் அதன் ஒரு சிறு கோடு தீர்மானித்துவிடுகிறது.